இருட்டில் ஒளிரும் பெயின்ட் தெருவிளக்குக்கு ஈடாகுமா? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சைக் கோடுகள் மினுங்கும் வெளிநாட்டுச் சாலையின் வீடியோ வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்தால் போதும், "இதை நம்ம ஏற்காடு மலைப்பாதைக்குப் பூசக் கூடாதா, கரண்ட் பில்லே இல்லாமல் போயிடுமே?" என்று நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். சேலத்தில் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் நிறையவே வருகிறது. எஸ்டேட் வீட்டுப் படிக்கட்டு, விடுதி நடைபாதை என்று இந்தப் பூச்சைக் கைப்படப் பூசியும் இருக்கிறேன். எனக்கு இந்தப் பொருள் மேல் உண்மையான மதிப்பு உண்டு. அதனாலேயே, அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டி, பிறகு அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், தெருவிளக்கைக் கழற்றிவிட்டு இதைப் பூசலாமா?

கூடாது. தெருவிளக்கு தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் காட்டுகிறது: எதிரே வருகிறவர் முகம், ரோட்டில் கிடக்கும் கல், ஓரத்தில் படுத்திருக்கும் மாடு. ஒளிரும் பெயின்ட் தன்னை மட்டுமே காட்டும். பூசிய கோடு தெரியும், கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பாம்பு தெரியாது.

ஆனால் 'ரோடு இங்கே முடிகிறது', 'படி இங்கே இறங்குகிறது' என்று காட்டினாலே போதும் என்ற இடங்கள் நம் பக்கம் ஏராளம். அதில் பல இடங்களில் விளக்கு என்றுமே இருந்ததில்லை. சில இடங்களில் கம்பம் நடவே முடியாது. காட்டை ஒட்டிய சில இடங்களில் விளக்கு போடாமல் இருப்பதே நல்லது. இந்தப் பூச்சுக்கு வேலை அங்கேதான்.

கொஞ்சம் கூடுதலாகப் பூசினால் வெளிச்சமும் கூடாதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஊராட்சித் தெருவில் மாட்டும் 20 வாட் எல்இடி விளக்கு ஏறத்தாழ 2,000 லூமன் வெளிச்சம் தரும் (ஒரு விளக்கிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமன்). நல்ல தரமான ஒளிரும் பூச்சு, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆனதும், சதுர மீட்டருக்கு 50 மில்லிகேண்டெலா அளவில் மினுங்கும் (ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு இது). அதை லூமனுக்கு மாற்றினால் ஒரு சதுர மீட்டர் பூச்சிலிருந்து வருவது 0.16 லூமன்கூட இல்லை. 2,000-ஐ அதால் வகுத்தால் 12,700 சதுர மீட்டர் வரும். அதாவது, ஒரே ஒரு சின்ன எல்இடி விளக்குக்கு ஈடாக மூன்று ஏக்கருக்கு மேல் பூச வேண்டும். அதுவும் முதல் ஒரு மணி நேரக் கணக்குதான். நேரம் ஆக ஆக ஏக்கர் ஏறிக்கொண்டே போகும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அந்த 20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்தான் ஆகும், வருடத்துக்கு 88 யூனிட். பழைய சோடியம் விளக்குகள் 150, 250 வாட் இழுத்த காலத்தில் மாற்று தேடியதில் நியாயம் இருந்தது. எல்இடி வந்த பிறகு தெருவில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இந்தப் பூச்சைத் தேடுவது வீண் வேலை.

கரண்டே இல்லாமல் எப்படி ஒளிர்கிறது?

பெயின்ட்டில் கலந்திருக்கும் தூளின் பெயர் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். பகலில் பார்த்தால் வெளிறிய மஞ்சள் கலந்த பச்சை, தொட்டால் நைசான மணல் போல நெருடும். அதற்குள் மிகச் சிறிய அளவில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களைக் கலந்து, 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் பட்டதும் யூரோப்பியத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எகிறிப் போய், படிகத்துக்குள் இருக்கும் பொறிகளில் மாட்டிக்கொள்ளும். சுற்றியிருக்கும் சூட்டில் அவை கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுத் திரும்பும்போது பச்சை ஒளி வெளியே வரும்.

இதைக் கண்டுபிடித்தது ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம், 1993-இல். கைக்கடிகார முட்களுக்குப் பூசும் ஒளிர்பெயின்ட்டைக் கதிரியக்கம் இல்லாமல் செய்ய வேண்டும் என்ற தேவையில் பிறந்தது அது. அதற்கு முன்னால் பொம்மைகளிலும் ஒட்டும் நட்சத்திரங்களிலும் இருந்தது செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு. அதைவிட இது பத்து மடங்கு பிரகாசம், பத்து மடங்கு நேரம் என்று சொல்லலாம். சின்ன வயதில் சுவரில் ஒட்டிய நட்சத்திரம் அரை மணியில் அணைந்து போனதை வைத்து இதை எடை போடாதீர்கள்.

அலுமினேட் என்றதும் நம் மலை நினைவுக்கு வராமல் இருக்காது. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இந்தத் தூளில் இருப்பதும் அதே அலுமினியம்தான்.

வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர்தானே இது? ரேடியம் ஆபத்து என்கிறார்களே?

இரண்டும் வேறு வேறு. லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்பு-வெள்ளை ஸ்டிக்கர் தானாக ஒளிர்வதில்லை. அதில் விழும் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. லைட்டை அணைத்தால் அதுவும் போய்விடும். பெயரில்தான் ரேடியம், உள்ளே ரேடியம் கிடையாது.

நிஜமான ரேடியம் பெயின்ட் ஒரு காலத்தில் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு அதைப் பூசிய இளம்பெண்கள், பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூர் செய்து பூசினார்கள். தாடை எலும்பு அரித்து, ரத்தசோகை வந்து பலர் இறந்தார்கள். அவர்கள் போட்ட வழக்குதான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களுக்கு ஒரு திருப்பம். அந்தப் பெண்களை மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது.

இன்றைய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் கதிரியக்கம் இல்லை. ஸ்ட்ரான்ஷியம் என்றதும் அணுகுண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸ்ட்ரான்ஷியம்-90 நினைவுக்கு வந்து சிலர் பயப்படுகிறார்கள். அது அதே தனிமத்தின் வேறு வகை (ஐசோடோப்பு), கதிரியக்கம் உள்ளது; இதில் இருப்பது மண்ணில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ரான்ஷியம். ஆனாலும் தூளாகக் கலக்கும்போதும், காய்ந்த பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள். கடினமான தூள், நுரையீரலுக்கு நல்லதில்லை.

நாள் முழுக்க வெயில் காய்ந்தால் இரவு முழுக்க ஒளிருமா?

இதுதான் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். டம்ளர் நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். நேரடி வெளிச்சத்தில் அரை மணி நேரத்துக்குள் இந்தத் தூள் நிறைந்துவிடும். அதற்கு மேல் எட்டு மணி நேரம் சேலத்து வெயிலில் வறுத்தாலும் கூடுதலாக எதுவும் சேராது. இதில் ஒரு நல்லதும் இருக்கிறது: ஏற்காட்டில் நாள் முழுக்க மேகம் மூடியிருந்தாலும், சில்வர் ஓக் நிழல் விழும் இடமாக இருந்தாலும், நிறைவதற்கு அந்த வெளிச்சமே போதும்.

ஒளி இறங்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. முதல் சில நிமிடங்களில் கண்ணைப் பறிக்கும், உடனே மளமளவென்று சரியும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். தோராயமாக, நேரம் இரட்டிப்பானால் ஒளி பாதியாகும். ஆறரைக்கு இருட்டி, ஏழரை மணிக்கு 50 மில்லிகேண்டெலா இருந்தால், எட்டரைக்கு 25, பத்தரைக்குப் பத்துச் சொச்சம், விடியற்காலை நாலு மணிக்கு அஞ்சு வாக்கில்தான் இருக்கும். இதைவிட வேகமாக இறங்குகிற சரக்கும் உண்டு. 'பத்து மணி நேரம் ஒளிரும்' என்று டப்பாவில் போட்டிருப்பது பொய் இல்லை. பத்தாவது மணியில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நீலப்பச்சை ஒளிதான் மற்ற நிறங்களைவிட நன்றாகத் தெரியும், இந்தப் பூச்சும் பச்சையில்தான் ஒளிர்கிறது. டார்ச் இல்லாமல் நடந்து போகிறவருக்கு விடியும் வரை பயன்படும் கோடு, செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவருக்கு ஒன்பது மணிக்கே மங்கிவிடும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. சூட்டில் எலெக்ட்ரான்கள் சீக்கிரம் விடுபடும், குளிரில் தாமதமாகும். அதனால் மார்கழி மாத ஏற்காட்டில் ஒளி கொஞ்சம் மங்கலாகத் தொடங்கி நீண்ட நேரம் நிற்கும். சித்திரை மாதச் சேலத்தில் பளிச்சென்று தொடங்கிச் சீக்கிரம் தீரும்.

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் எங்கே, எப்போது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் மேலே போகும்வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் இறங்கும்போது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புகிறோம், ஆனால் ஹெட்லைட் வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடிக்கும். ஒன்று மலைச்சுவரில் விழும், இல்லை பள்ளத்துக்கு மேல் வெட்டவெளியில் போகும். ரோடு எந்தப் பக்கம் மடங்குகிறதோ அந்தப் பக்கம் இருட்டாகவே இருக்கும். நெடுஞ்சாலைக் கோடுகளில் தூவும் கண்ணாடி மணிகளும், ரோட்டில் பதிக்கும் ரிஃப்ளெக்டர்களும் அருமையான சாதனங்கள். இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-இல் காப்புரிமை எடுத்த 'பூனைக்கண்' காலத்திலிருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவை. ஆனால் வெளிச்சம் விழுந்தால்தான் அவை பேசும். ஹெட்லைட் போகாத திருப்பத்தில் அவை ஊமை. ஒளிரும் கோடு அங்கேயும் தெரியும். வளைவின் முழு வடிவமும், திரும்புவதற்கு முன்பே, கண்ணில் விழும்.

ரோட்டின் மேல் பூசச் சொல்ல மாட்டேன். டயர் தேய்க்கும், செம்மண் அப்பும், பஸ் பிரேக் போடும் இடத்தில் கறுத்துவிடும். பூச வேண்டிய இடம் பள்ளத்துப் பக்கத் தடுப்புச்சுவர். ஏற்கெனவே அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். அந்த வெள்ளைப் பட்டைதான் இந்தப் பூச்சுக்குச் சரியான அடித்தளம். வெள்ளை மேல் பூசினால் உள்ளே போகும் ஒளியும் திரும்பி வெளியே வரும், கறுப்பு மேலோ வெறும் சிமென்ட் மேலோ பூசினால் பாதியை அது விழுங்கிவிடும். பகலில் லேசான கிரீம் நிறமாகத்தான் தெரியும் என்பதால் கறுப்பு-வெள்ளை எச்சரிக்கையும் கெடாது. சாயங்காலம் ஆறேமுக்கால் வாக்கில், வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே, பட்டைகள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடிக்கத் தொடங்கும். சுவரின் மேல்விளிம்பில் பூசியது முதலில் தெரியும், கீழ்ப்பட்டை புல் மறைப்பதால் பின்னால் தெரியும். அதனால் கொஞ்சம்தான் பூசக் காசு இருக்கிறது என்றால் மேல்விளிம்பில் பூசுங்கள்.

எப்போது உதவும்? காலையில் ஏறி, ஏரியும் லேடீஸ் சீட்டும் பகோடா பாயின்ட்டும் பார்த்துவிட்டு, இருட்டியதும் கூட்டமாக இறங்குகிறார்களே, அந்த ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள் இது நன்றாக உதவும். மே மாதக் கோடை விழா நாட்களில் இன்னும் அதிகம். நடு இரவில் கார் ஓட்டுகிறவர் இதை நம்பக் கூடாது. அவருடைய கண் தன் ஹெட்லைட்டுக்குப் பழகியிருக்கும், அந்நேரத்துக்கு மங்கிய கோடு அவருக்குப் புலப்படாது. எதிரே ஒரு வண்டி ஹைபீமில் வந்துவிட்டால் சுத்தம். ஆக, ரிஃப்ளெக்டரும் வேண்டும், இதுவும் வேண்டும். குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதைக்கும் இதே பதில்தான்.

பனிமூட்டத்திலும் மழையிலும்?

மூட்டம் இறங்கிவிட்டால் எந்தப் பூச்சும் மந்திரம் செய்யாது. மங்கலான ஒளியைப் பனி எளிதாகத் தின்றுவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சுவர் விளிம்பு தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மழை வேறு கதை. ரோட்டில் தண்ணீர் நின்றால் கண்ணாடி மணிகள் மூழ்கி, கோடு இருக்கிற இடமே தெரியாமல் போகும். மழை இரவில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒளிரும் பூச்சு தானே ஒளிர்வதால் மேலே தண்ணீர் படலம் இருந்தாலும் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரே உள்ளே புகுந்துவிட்டால் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் சிதைந்து ஒளிரும் தன்மையை இழந்துவிடும். அதனால்தான் தூளின் ஒவ்வொரு மணிக்கும் சிலிக்கா போன்ற காப்புப் பூச்சு கொடுத்த ரகம் தனியாக விற்கிறார்கள். மலைக்கு அந்த ரகம் மட்டுமே ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் பாசி பிடிக்கும் ஊர் இது. வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்துக் கழுவ ஆள் விட வேண்டும். அந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமல் பூசத் தொடங்கினால், அடுத்த தீபாவளிக்குள் பணம் பாசிக்கு அடியில் போய்விடும்.

வெளிநாடுகளில் செய்திருக்கிறார்களே, அங்கே என்ன ஆயிற்று?

நெதர்லாந்தில் 2014 ஏப்ரலில், ஓஸ் நகரத்துப் பக்கம் 500 மீட்டர் நெடுஞ்சாலையில் வடிவமைப்பாளர் டான் ரோஸ்கார்டேயும் ஹெய்மன்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒளிரும் கோடுகள் போட்டார்கள். உலகமே படம் பிடித்துப் போட்டது. சில வாரங்களிலேயே ஈரத்தால் ஒளி ஒரே சீராக இல்லை என்ற செய்தியும் வந்தது. அதே குழு நவம்பரில் ஐந்தோவன் நகருக்கு அருகே ஓவியர் வான்கோ நினைவாக ஒரு சைக்கிள் பாதை அமைத்தது. அதில் ஒளிரும் கற்களுடன் சூரிய மின்சாரத்தில் எரியும் எல்இடிகளையும் சேர்த்துவிட்டார்கள். 2016-இல் போலந்தின் லிட்ஸ்பார்க் வார்மின்ஸ்கி ஊரில் 100 மீட்டர் நீலப் பாதை வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2022-இல் சோதித்தார்கள்.

நமக்குப் பாடம் தருவது மலேசியாதான். சீதோஷ்ணம் கிட்டத்தட்ட நம்முடையது, மழை நம்மைவிட அதிகம். 2023 அக்டோபரில் சிலாங்கூர் மாநிலம் செமெனியில், தெருவிளக்கு இல்லாத ஒரு சாலையில் 245 மீட்டருக்கு ஒளிரும் கோடு போட்டார்கள். ஓட்டுநர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சதுர மீட்டருக்கு 749 ரிங்கிட் ஆனது, சாதாரணக் கோட்டுக்கு 40 ரிங்கிட்தான். 2024 இறுதியில் திட்டத்தைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

அப்படியானால் இது எங்கேதான் ஜெயித்திருக்கிறது?

கட்டடப் படிக்கட்டுகளில். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் குண்டு வெடித்தபோது, இருட்டான படிக்கட்டுகளில் மக்கள் திண்டாடினார்கள். அதற்குப் பிறகு படி விளிம்புகளில் ஒளிரும் பூச்சு பூசினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலின்போது இறங்கித் தப்பியவர்களுக்கு அது உதவியது. 2004-இல் நியூயார்க் நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. மழை இல்லை, டயர் இல்லை, கண் இருட்டுக்குப் பழகும், தேவைப்படுவது விளிம்பு மட்டும்: இந்தப் பொருளுக்கு ஏற்ற இடம் அதுதான். சேலத்தில் கட்டப்படும் அடுக்குமாடிகளிலும் திருமண மண்டபங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் படி விளிம்புக்கு இதைப் பூசச் சொல்லி நான் கேட்காத கட்டட உரிமையாளர் குறைவு. ஜெனரேட்டர் உயிர் பெறுவதற்குள் இருக்கும் அந்தச் சில விநாடி இருட்டில்தான் கால் தவறுகிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

மலேசியக் கணக்கைப் பார்த்தால், அப்போதைய ரிங்கிட் மதிப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 13,000 ரூபாய் வந்தது. அது ரோட்டில் பூசும் தடித்த, வண்டி ஏறினாலும் தாங்கும் ரகத்துக்கு ஆன மொத்தச் செலவு. சுவருக்கும் படிக்கும் அவ்வளவு ஆகாது. தூளின் தரம், காப்புப் பூச்சு, தடிமன் மூன்றையும் பொறுத்து விலை வெகுவாக மாறும். எப்படியும் சாதாரண எமல்ஷனோடு ஒப்பிட்டால் பல மடங்குதான். அதனால்தான் பரப்பாகப் பூசாமல் கோடாகப் பூசச் சொல்கிறேன். மூன்றடி அகலப் படியில் இரண்டு அங்குலப் பட்டை அடித்தால், ஒரு சதுர மீட்டர் பூச்சு இருபது படிக்கு வரும்.

தெருவிளக்கைவிடச் சுற்றுச்சூழலுக்கு இது நல்லதா?

ஒளிரும்போது மின்சாரம் செலவில்லை என்பது உண்மை. ஆனால் தயாரிக்கும்போது செலவு இருக்கிறது. சூளைச் சூடு, சுரங்கம், அருமண் தனிமங்கள். அந்தத் தனிமங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது, அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை அமிலமும் கழிவும் நிறைந்தது. பூச்சு உரிந்தால் அதன் பிளாஸ்டிக் பிசின் மண்ணில் சேரும். ஐந்தாறு வருடம் தாங்கும்படி சுவரில் ஒழுங்காகப் பூசினால் நியாயம் உண்டு. வருடா வருடம் ரோட்டில் தேய்ந்து மறுபடி பூசினால் பசுமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தெருவிளக்கின் மின்சாரத்தைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன, எல்லாமே கையில் இருப்பவை. வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் கீழே மட்டும் விழும் மூடி, பத்து மணிக்கு மேல் பாதி வெளிச்சம், பகலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கும் டைமர். என்னைக் கேட்டால் முதல் காசை அங்கே போடுங்கள்.

காட்டெருமை, மின்மினி இவற்றுக்கு ஏதாவது தொந்தரவு வருமா?

சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் ரோட்டுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. இந்தப் பூச்சு காட்டெருமையைக் காட்டாது, அதை மறக்க வேண்டாம். வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் அதற்கு வழி.

பூச்சிகளைப் பொறுத்தவரை, கம்பத்தில் எரியும் வெள்ளை எல்இடியைவிட இது எவ்வளவோ மேல். விளக்கைச் சுற்றி விடிய விடிய விட்டில் செத்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இங்கே நடக்காது. மின்மினி விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆணும் பெண்ணும் இருட்டில் ஒளியால்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன, செயற்கை ஒளி அதைக் கெடுக்கிறது என்பது தெரிந்த விஷயம். இந்தப் பச்சையும் அவற்றின் ஒளிக்கு நெருங்கிய நிறம். அதனால் ஓடைக்கரை, ஈரமான காபித் தோட்டத்துச் சந்து, இந்த மாதிரி மின்மினி கூடும் இடங்களில் அழகுக்காகக் கல்லிலும் மரத்திலும் பூச வேண்டாம் என்று விடுதிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விருந்தாளிகள் அந்த இடத்தில் பார்க்க வேண்டியது மின்மினியைத்தான்.

மலைக் கிராமத்து நடைபாதைகளுக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மேலே எத்தனையோ சிற்றூர்களில் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே கற்படியும் ஒற்றையடிப் பாதையும்தான் வழி. கோடை மழையில் ஒரு மரம் லைன் மேல் சாய்ந்தால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் வயதானவர்களுக்கு, படியின் விளிம்பிலும் ஓடைப் பாலத்தின் கைப்பிடியிலும் ஒரு பச்சைக் கோடு இருந்தால் அது பெரிய துணை. அவர்கள் கண் இருட்டுக்கு நன்றாகப் பழகியது, எங்கள் கண்ணுக்கு மங்கலான கோடு அவர்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது. நகரத்துக்கு வேடிக்கைப் பொருளாக இருப்பது அங்கே தேவைப் பொருள்.

பெண்கள் தனியாக நடக்கும் தெருவில் விளக்குக்குப் பதில் இதைப் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துகளிலும் சரி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தெருக்களிலும் சரி, வேலை முடிந்து இரவில் நடப்பவர்களுக்கு முகம் தெரியும் வெளிச்சம் வேண்டும். அதை எந்தப் பெயின்ட்டும் தராது. மிச்சம் பிடிக்கிறோம் என்று யாராவது அங்கே விளக்கைக் குறைக்கச் சொன்னால், நான் எதிர்த்துப் பேசுவேன்.

வாங்கும்போது தரத்தை எப்படிச் சோதிப்பது?

ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். வெயிலில் பத்து நிமிடம் வைத்துவிட்டு இருட்டறைக்குக் கொண்டு போங்கள். உடனே பார்த்து மயங்கிவிடாதீர்கள், மட்டமான சரக்கும் முதல் நிமிடம் ஜொலிக்கும். ஒரு மணி நேரம் கழித்து அந்த அறைக்குள் போய், கண் பழகும் வரை இருந்து பாருங்கள். அட்டையின் ஓரம் துல்லியமாகத் தெரிந்தால் நல்ல சரக்கு. அப்புறம் இன்னொரு அட்டையைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்து, மறுபடி வெயில் காட்டிச் சோதியுங்கள். மங்கிப் போயிருந்தால் காப்புப் பூச்சு இல்லாத தூள், மலைக்கு ஆகாது.

நாங்களே படிக்கட்டில் பூசலாமா?

தாராளமாக. பாசியையும் தூசியையும் சுத்தமாக எடுத்து, ப்ரைமர் அடித்து, வெள்ளை இரண்டு கோட் கொடுங்கள். அதன் மேல் ஒளிரும் பூச்சு குறைந்தது இரண்டு கோட், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. தூள் கனமானது, டப்பாவின் அடியில் தங்கிவிடும், அதனால் பிரஷ்ஷை முக்கும்போதெல்லாம் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறாமல் பூசினால் முதல் படி மங்கலாகவும் கடைசிப் படி பளிச்சென்றும் வந்துவிடும். தின்னரை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். மேலே காப்புக்கு வார்னிஷ் அடிப்பதாக இருந்தால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகத்தை வாங்கிவிடாதீர்கள். அது வெயிலை உள்ளே விடாது, பூச்சு பட்டினி கிடக்கும்.

வீட்டு வாசலில் மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு எரிந்தால் பூச்சு அதிலிருந்து அதிகம் சேமிக்காது. வெள்ளை எல்இடி நீல ஒளி கலந்தது என்பதால் அதில் நன்றாக நிறையும்.

ரோட்டில் பதிக்கும் சோலார் லைட் இதைவிட நல்லதில்லையா?

பிரகாசத்தில் நல்லது, விடியும் வரை எரியும். ஆனால் உள்ளே பேட்டரி இருக்கிறது. சில வருடத்தில் அது போனதும் மொத்தத்தையும் பெயர்த்து மாற்ற வேண்டும். மலைப்பாதையின் மிக ஆபத்தான வளைவுகளுக்கு அதைப் போடலாம், மீதிக்கு ரிஃப்ளெக்டரும் சுவர்ப் பூச்சும் போதும்.

எங்கள் ஊரில் செய்ய வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது?

மலைப்பாதை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அதன் சுவரில் நாமாக ஒரு கோடுகூடப் பூசக் கூடாது, கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 20 வளைவுக்கும் கேட்காமல் ஒரே ஒரு வளைவை முன்மாதிரியாகக் கேளுங்கள், ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு அதன் நிலையைப் பார்த்து மேலே போகலாம். ஊருக்குள் இருக்கும் படிக்கட்டும் நடைபாதையும் ஊராட்சியைச் சேர்ந்தவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. எந்தப் படி, எந்தப் பாலம், மொத்தம் எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பூசிய பின் வருடா வருடம் கழுவும் செலவையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.